108 வண்டியில் ஒரு புதியவரின் முதல் மாதங்கள்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது, பின்கதவைத் திறந்துகொண்டு முதலில் இறங்குபவரை உறவினர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவர்களுடைய கண்கள் படுக்கையில் கிடப்பவர் மீதே இருக்கும். அது இயல்புதான். ஆனால் வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை உங்கள் உறவினரின் உயிருக்குப் பொறுப்பேற்று வந்தவர் அந்த மனிதர். அவர் வாயிலிருந்து வரும் முதல் நான்கு வாக்கியங்கள் எங்கள் சிகிச்சையின் திசையையே தீர்மானித்துவிடுவதுண்டு. அவரோ, அந்த நான்கு வாக்கியங்களுக்கும் உங்களையே நம்பியிருக்கிறார்.

இந்த இதழில் அத்தகைய ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். வயது 24. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் ஓடும் 108 வண்டியில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஓய்வு நாள் ஒன்றில் எங்களோடு அமர்ந்து, தம் முதல் மாதங்களைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். அவர் பெயரை வெளியிடவில்லை. நோயாளிகளின் அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம். அவர் கற்ற பாடங்களுள் பெரும்பாலானவை, வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரியவை. ஒரு பாடம் எங்களுக்கும் உரியது.

வண்டியில் இருப்பவர் யார்?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 2005 ஆகஸ்டு 15 அன்று, இதே எண்ணில் ஐதராபாத்தில் இச்சேவை பிறந்தது. அதற்கு முந்தைய காலத்தை வடசென்னையின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணையும் ஆலையில் கை நசுங்கிய தொழிலாளியையும் ஆட்டோவிலும் மீன்பாடி வண்டியிலும் ஏற்றிக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடிய காலம் அது.

ஒரு 108 வண்டியில் இருவர் இருப்பர். ஒருவர் ஓட்டுநர். மற்றவர் மருத்துவ உதவியாளர். உதவியாளர் மருத்துவர் அல்லர். செவிலியர் படிப்போ, ஆய்வக நுட்பப் படிப்போ, உயிரியல் சார்ந்த பட்டமோ பெற்றுப் பின்னர் தனிப்பயிற்சி எடுத்துக்கொண்டவர். மூச்சுப் பாதையைச் சீராக்குதல், ஆக்சிஜன் கொடுத்தல், இரத்தப்போக்கை நிறுத்துதல், முறிந்த எலும்பை அசையாமல் கட்டுதல், பிரசவம் பார்த்தல், நெஞ்சை அழுத்தி உயிரூட்டுதல் ஆகியவை அவர் கற்றவை. ஐயம் எழுந்தால் கட்டுப்பாட்டு மையத்தில் உள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுச் செயல்படுவார்.

நம் இளைஞர் விலங்கியல் பட்டதாரி. எண்ணூர்க் கடலோரத்தில் வளர்ந்தவர். இந்தப் பணிக்கு வந்த காரணத்தைக் கேட்டபோது, 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவைக் குறிப்பிட்டார். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து மூன்று வாரங்கள்கூட நிறைவடையாத நேரம். நள்ளிரவு நெருங்கும் வேளையில் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்து தெருவுக்கு ஓடினர். பலர் மயங்கினர். பல பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அன்று கல்லூரி மாணவராக இருந்த இவர், தம் பாட்டியை இருசக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்து ஊருக்கு வெளியே கொண்டுசென்றார்.

“எந்தப் பக்கம் ஓடணும்னுகூட யாருக்கும் தெரியல, டாக்டர். எல்லாரும் மத்தவங்க ஓடுற பக்கமே ஓடுனோம்” என்றார்.

ஆலைகள் சூழ்ந்த இப்பகுதியில் வாழும் குடும்பங்கள் இதை அறிந்துவைத்திருப்பது நல்லது. வாயு கசிந்தால், கசிவு உள்ள பக்கத்திலிருந்து விலகி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும். அம்மோனியா நீரில் எளிதில் கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு உதவும். கண் எரிந்தால் கசக்காமல், தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும். முதலில் இலேசாகத் தோன்றும் இருமல் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலாக முற்றக்கூடும். எனவே குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோரை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

முதல் அழைப்பு

பணியின் முதல் நாளிலேயே வந்த அழைப்பு, தண்டையார்பேட்டையில் ஒரு வீடு. “மூச்சுப் பேச்சு இல்லை” என்பதே தகவல். வண்டி பதினொரு நிமிடத்தில் சென்று சேர்ந்தது. கூடத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிடந்தார். சுற்றிலும் ஒன்பது பேர். ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் கையில் சோடா புட்டி இருந்தது. அனைவரும் ஏதோ ஒன்றைச் செய்தனர். நெஞ்சை மட்டும் எவரும் அழுத்தவில்லை.

இளைஞர் மண்டியிட்டு அழுத்தத் தொடங்கினார். ஓட்டுநர் கைமாற்றினார். வண்டியிலும் அழுத்திக்கொண்டே வந்தனர். எங்களிடம் வந்தபின் நாங்களும் முயன்றோம். இதயம் மீண்டும் துடிக்கவில்லை. உறவினரிடம் செய்தியைச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, வண்டியின் பின்படியில் அவர் தனியே அமர்ந்திருந்ததைக் கண்டோம். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஓட்டுநர் தேநீர் வாங்கிவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் அமர்ந்துகொண்டார்.

“நான் வேகமா அழுத்தியிருந்தா பிழைச்சிருப்பாரா?” என்று அவர் எங்களிடம் கேட்டார். இந்தக் கேள்வியை ஒவ்வொரு புதியவரும் கேட்பார். நாங்களும் எங்கள் முதல் ஆண்டில் கேட்டிருக்கிறோம். அவர் சரியாகத்தான் அழுத்தினார். ஆனால் இதயம் நின்றபின் மூளை உயிர்க்காற்றின்றித் தாங்கும் காலம் மிகக் குறைவு. நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளைக்குச் சேதம் தொடங்கிவிடுகிறது. பதினொரு நிமிடத்தில் வந்து சேரும் வண்டி, எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்த இடைவெளியை நிரப்ப இயலாது. அதை நிரப்பக்கூடியவர்கள் அந்த அறையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஒன்பது பேர் மட்டுமே.

இதைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. ஆகவே இங்கே கூறுகிறோம். ஒருவர் தட்டியும் அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால், ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். மற்றொருவர் அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்செலும்பின் நடுக்கீழ்ப் பகுதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். களைத்தால் ஆள் மாற வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கம் இருந்தால், அழுத்துவதை மட்டும் வண்டி வரும்வரை நிறுத்தாமல் செய்தாலும் போதும். விட்டு விட்டு வரும் கொர்கொர் என்ற மூச்சு, இயல்பான மூச்சு ஆகாது. அதைக் கண்டு “மூச்சு இருக்கிறது” என்று எண்ணி நின்றுவிட வேண்டாம்.

வீட்டைக் கண்டுபிடித்தல்

இரண்டாம் வாரம் அவர் கற்றது, வீட்டைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை என்பது. எர்ணாவூர்க் குடியிருப்புகளில் ஒரே வடிவிலான கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. காசிமேட்டின் சந்துகளில் வண்டி நுழையாது. படுக்கையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கினால் எந்தச் சைரனும் வழி திறக்காது. கொருக்குப்பேட்டையில் இரயில் கேட் மூடியிருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படிக் காத்திருந்த ஒரு நாளில், தாமதமாக வந்த வண்டியைக் கண்டதும் நோயாளியின் உறவினர் ஒருவர் இவருடைய சட்டையைப் பிடித்துவிட்டார். நோயாளி பிழைத்துக்கொண்டார். சட்டைப் பொத்தான் மட்டும் அறுந்தது. ஆனால் அன்று மாலை வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்ததாகக் கூறினார். ஓட்டுநர் அண்ணன் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “அவங்க கோவம் உன்மேல இல்ல தம்பி. வீட்டுல ஆளு கிடக்குது.”

அந்தப் பெருந்தன்மையை நாங்கள் மதிக்கிறோம். எனினும் உறவினர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். வண்டி தாமதமாவது அவர் செய்த பிழை அன்று. கோபத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் நோயாளியின் நிமிடம். அந்த நேரத்தில் குடும்பத்தினர் செய்யக்கூடிய உதவிகள் பல உள்ளன. முகவரியோடு கோவில், பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் என ஓர் அடையாளத்தையும் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனையில் நில்லுங்கள். இரவானால் கைப்பேசி விளக்கை எரியவிடுங்கள். அழைத்த எண்ணிலேயே உங்களைத் திரும்ப அழைப்பார்கள். அந்தத் தொலைபேசியில் உறவினர்களுக்கெல்லாம் செய்தி சொல்லிக்கொண்டிராதீர்கள். படிக்கட்டில் உள்ள சைக்கிளையும் தண்ணீர்க் குடங்களையும் நகர்த்தி வையுங்கள்.

“வெறும் வாயுதான்”

மூன்றாம் மாதத்தில் ஒரு விடியற்காலை, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கன்டெய்னர் லாரியின் ஓட்டுநரை எங்களிடம் கொண்டுவந்தார். வயது 46. நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றிவைத்ததுபோல் இருந்தது, இடது தாடை வரை வலி பரவியது, சட்டை வியர்வையில் நனைந்தது. இது தொடங்கியது இரவு 2 மணிக்கு. 108ஐ அழைத்தது காலை 6 மணிக்கு. இடையில் ஒரு சோடாவும் இரண்டு வயிற்று மாத்திரைகளும் விழுங்கியிருந்தார். “வண்டிய விட்டுட்டு வந்தா வரிசை போயிடும் சார், வாயுதான்னு நினைச்சேன்” என்றார்.

ஈ.சி.ஜி. எடுத்ததும் தெரிந்துவிட்டது. இதயத்துக்குச் செல்லும் முக்கிய இரத்தக் குழாய் ஒன்று முற்றிலும் அடைபட்டிருந்தது. அடைப்பு நீக்கப்பட்டது, அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இன்று அவர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கனரக வண்டி ஓட்டும் தொழிலுக்கு அவரால் திரும்ப இயலவில்லை. வரிசையில் ஓர் இடத்தைக் காக்கப் போய் வாழ்வாதாரத்தையே இழந்தார்.

மாரடைப்பில் அடைப்பைக் கரைக்கும் மருந்தை 12 மணி நேரம் வரை கொடுக்கலாம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொடுக்கும்போதுதான் அதன் பயன் முழுமையாகக் கிடைக்கிறது. இதை உணர்ந்தே தமிழ்நாடு அரசு 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மருந்துகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழிசெய்தது. நெஞ்சுப் பாரம் 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் காரணம் தேடாதீர்கள், அழையுங்கள். அது வாயுவா அல்லவா என்பதை ஈ.சி.ஜி. சொல்லட்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், திடீர் மூச்சு வாங்கலும் வியர்வையும் சோர்வுமாகவும் மாரடைப்பு வரக்கூடும்.

அந்த இளைஞர் இந்த அழைப்பிலிருந்து ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டார். “என்ன செய்யுது?” என்பதற்கு அடுத்து, “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” என்று கேட்டு, விடையைத் தம் இடது புறங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். தாள் தொலையும், கை தொலையாது என்பது அவர் விளக்கம்.

குடித்தவர் என்று கருதப்பட்டவர்

திருவொற்றியூர்ப் பேருந்து நிலையம் அருகே நண்பகலில் ஒரு முதியவர் தள்ளாடி விழுந்து, நாக்குழறக் கிடந்தார். குடித்திருக்கிறார் என்று எண்ணி, நெடுநேரம் எவரும் அருகே செல்லவில்லை. இறுதியில் பூக்கடைப் பெண்மணி ஒருவர் 108ஐ அழைத்தார். இளைஞர் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்த்தார். கருவி காட்டிய எண் 34. எழுபதுக்குக் கீழே சென்றாலே தாழ்சர்க்கரை. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, உணவருந்தாமல் வங்கி வரிசையில் நின்றவர் அவர்.

மைய மருத்துவரின் ஆலோசனைப்படி நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றப்பட்டது. சில நிமிடங்களில் முதியவர் கண்விழித்து எழுந்து அமர்ந்து, தம் செருப்பு எங்கே என்று கேட்டார். “அன்னைக்குதான் இந்த வேலை எனக்கு வரும்னு தோணுச்சு” என்று சொல்லி இளைஞர் சிரித்தார்.

நீரிழிவு உள்ளவர் திடீரெனக் குழம்பினாலோ வியர்த்தாலோ உளறினாலோ முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் செல்லும். வலிப்பு வந்தவருக்கும் இதே விதிதான். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பற்களுக்கிடையே கரண்டி வைப்பது ஆபத்து. அவரைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அது அவசரநிலை.

அந்தப் பூக்கடைப் பெண்மணியைப் போன்றவர்களுக்கும் ஒரு செய்தி. சாலையில் விபத்துக்குள்ளானவருக்கு உதவினால் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரும் என்ற அச்சம் இன்னும் நீடிக்கிறது. உதவுவோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அப்பாதுகாப்பைச் சட்டமாகவே ஆக்கியது. தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று உதவியவரை வற்புறுத்த இயலாது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டமும் 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் உள்ளது.

நாங்கள் கேட்காமல் விட்ட பத்து நிமிடம்

இனி எங்கள் பாடம். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை 7 மணி 15 நிமிடத்துக்கு, காசிமேட்டிலிருந்து 61 வயது மீனவர் ஒருவரைக் கொண்டுவந்தார். வலது கையும் காலும் செயலற்றிருந்தன. வாய் கோணியிருந்தது. பேச்சு வரவில்லை. பக்கவாதம் என்பது பார்த்த உடனே தெரிந்தது. மூளை இரத்தக் குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்து கணக்கிடுவோம்.

மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்த மகன் பதறிப்போய் உரக்கச் சொன்னார்: “ராத்திரி பத்து மணிக்குப் படுத்தாரு. காலைல பாத்தா கை வரல.” அப்படியானால் ஒன்பது மணி நேரம் கடந்துவிட்டது. மருந்துக்கான வேளை போய்விட்டது என்று நாங்கள் முடிவுசெய்தோம். இளைஞர் ஏதோ சொல்ல முயன்றார். “கையெழுத்துப் போட்டாயிற்றா? வண்டியை எடுங்கள்” என்று கடிந்து சொல்லிவிட்டு நாங்கள் நோயாளியிடம் திரும்பினோம்.

அவர் வண்டியை எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து, கைப்பேசியை நீட்டியபடி மீண்டும் வந்தார். “டாக்டர், அம்மா லைன்ல இருக்காங்க. ஒரு நிமிஷம் கேளுங்க.” நோயாளியின் மனைவி அழுதுகொண்டே சொன்னார். கணவர் வழக்கம்போல் நான்கு மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குச் சென்றார். ஐந்தரை மணிக்கு மீன் பையோடு திரும்பினார். தேநீர் கேட்டார். தம்ளரை வாங்கிய கையிலிருந்து அது நழுவி விழுந்தது. அசதி என்று நினைத்துப் படுக்கவைத்தார். மகன் விழித்தபோதுதான் நிலைமை புரிந்தது. வீட்டில் இருந்தபோதே இளைஞர் அந்த அம்மாவிடம் கேட்ட கேள்வி இது: “அப்பா கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?” அவருடைய இடது புறங்கையில் 5.30 என்று எழுதியிருந்தது. நாங்கள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

நேரம் இன்னும் இருந்தது. சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்து மருந்து கொடுத்தோம். இன்று அந்த மீனவர் பேசுகிறார், நடக்கிறார். வலையைப் பழுதுபார்க்கிறார், பிடியில் மட்டும் பழைய வலு முழுதாக வரவில்லை. பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் மூளை அணுக்கள் மடிகின்றன என்பது நரம்பியல் மருத்துவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் கணக்கு. நாங்கள் கேட்காமல் விட்ட பத்து நிமிடத்துக்கு அந்தக் கணக்கின்படி என்ன விலை என்பதை நாங்கள் அறிவோம்.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்றுமுதல் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. ஆம்புலன்ஸ் வந்ததும், மூச்சும் நாடியும் இருக்கிறதென உறுதியான பின், ஒரு நிமிடம் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறோம். மருத்துவ உதவியாளர் மட்டும் பேசுகிறார். அதன் பின்னரே எங்கள் கேள்விகள்.

வேறொரு நகரம், இதே கதை

மருத்துவர் அல்லாதவர் சொல்வதைக் கேட்க மருத்துவர்கள் தயங்குவது புதிதன்று. 1960களில் அமெரிக்காவின் பல நகரங்களில் நோயாளிகளைக் காவல்துறை வண்டிகளும், சவ ஊர்தி வைத்திருந்தவர்களும் ஏற்றிச்சென்றனர். வழியில் சிகிச்சை என்பதே இல்லை. 1966இல் ஆஸ்துமாவால் தம் மகளை இழந்த மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சஃபர், மறு ஆண்டு, இரும்பாலைகள் நிறைந்த பிட்ஸ்பர்க் நகரில் ஒரு முயற்சிக்குத் துணைநின்றார். ஃபிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை என்பது அதன் பெயர். ஏழ்மை மிகுந்த ஹில் பகுதியைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உயிர்காக்கும் சிகிச்சையில் ஆழ்ந்த பயிற்சி கொடுத்தனர். வேலைக்கு ஆகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய அந்த இளைஞர்கள், தாம் வளர்ந்த தெருக்களிலேயே உயிர்களைக் காத்தனர். 1975இல் அச்சேவை நிறுத்தப்பட்டது. ஆயினும் அவர்களுக்கான பயிற்சிமுறை பின்னர் அந்நாட்டின் அவசர மருத்துவப் பணியாளர் பயிற்சிக்கு முன்மாதிரியாயிற்று.

வடசென்னைக்கும் இது பொருந்தும். எந்தச் சந்து எங்கே முடிகிறது, காலை நான்கு மணிக்கு மீனவர் எங்கே போவார், எந்த வீட்டில் யாரைக் கேட்டால் உண்மை கிடைக்கும் என்பதெல்லாம் இந்த மண்ணில் வளர்ந்தவருக்குத் தெரியும். அன்று அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் அந்த அறிவால்தான்.

இன்றே செய்துவைக்க வேண்டியவை

இந்த எட்டு மாதங்களில் குடும்பங்களிடம் எதைக் கேட்க விரும்பினீர்கள் என்று அவரிடம் வினவினோம். அவர் கூறியவற்றோடு எங்கள் அனுபவத்தையும் சேர்த்துக் கீழே தருகிறோம்.

1. நோயாளியின் பெயர், வயது, நோய்கள், உண்ணும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் ஒட்டுங்கள். மருந்து மாறினால் தாளையும் மாற்றுங்கள்.

2. இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, இன்சுலின் ஆகியவற்றை எடுப்பவரானால் அதைத் தனியே அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

3. பழைய ஈ.சி.ஜி., கடைசி மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுவையுங்கள். நோயாளியோடு அந்தப் பையும் வண்டியில் ஏற வேண்டும்.

4. அறிகுறியைக் கண்ட கணமே கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தை எழுதுங்கள். நோயாளியை நன்றாக இருந்தபோது கடைசியாகப் பார்த்தவர் எவரோ, அவரையே வண்டியில் அனுப்புங்கள்.

5. மது, பூச்சிமருந்து, அதிக மாத்திரை என எதையும் மறைக்காதீர்கள். வண்டியில் வருபவர் உங்களை எடைபோட வரவில்லை.

6. காய்ச்சல், மருந்துச் சந்தேகம் போன்ற அவசரமில்லாத ஐயங்களுக்கு 104 என்ற எண் உள்ளது. 108ஐ உயிர்க்கு ஆபத்தான நேரங்களுக்கு விட்டுவையுங்கள். அழைப்பதா வேண்டாமா என்று உண்மையாகவே தடுமாறினால், 108ஐ அழைத்துவிடுங்கள்.

விடைபெறும்போது, உங்கள் வீட்டில் இந்தத் தாள் ஒட்டியிருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டோம். சற்று வெட்கத்தோடு, முதல் சில மாதங்கள் ஒட்டவில்லை என்றார். காசிமேட்டு மீனவரைக் கொண்டுவந்த வாரத்தில்தான், பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரைகளின் பெயர்களை எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டினாராம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தினமும் மாலை கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் தாள் உரிந்துவிடாதபடி ஓரங்களை விரலால் அழுத்திவிடுகிறாராம்.

நீங்களும் இன்று மாலைக்குள் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள். எழுதும்போதே வீட்டில் எல்லோருக்கும் ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? அந்த விடையோடு நீங்கள் வந்தால், அதைக் கேட்க நாங்கள் இனித் தவறமாட்டோம்.